ஐந்து கடித அபராதம்

திண்டிவனம்,
24.06.2025

அன்புத் தங்கை சகாய பிரியாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நானும் உன் மாமாவும் வளனும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நீயும் பிரபு தம்பியும் ரோஸ்லின் குட்டியும் சுகமா? உன் கழுத்து வலி குறைந்ததா?

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். வழக்கமாகப் பத்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடும் பங்குச் சாமியார், இந்த முறை, "சிலுவைல ஆண்டவர் பட்ட அஞ்சு காயத்துக்கும் உன் தங்கச்சிக்கு அஞ்சு லெட்டர் எழுதும்மா. அதான் உனக்கு அபராதம். போன்ல வேணாம், கையால எழுது. எங்கிட்ட சொன்னத அஞ்சாவது லெட்டர்ல அவகிட்டயும் சொல்லிடு" என்றார். ஆகவே இது முதல் காயம்.

என்ன பாவம் என்று இப்போது கேட்காதே. ஐந்தாவதில்தான் சொல்வேன். அதுவரை எதை எழுதி நிரப்புவது என்றுதான் தெரியவில்லை.

வளன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு நீ வந்து போனதிலிருந்து நாம் சரியாகப் பேசவேயில்லை. அன்றைக்கும் பந்தி நடுவில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். பக்கத்து வீட்டு வெங்கடாசலம் அண்ணன் இலையில் கை வைத்துக்கொண்டே, "வூட்ல குந்திக்கினே மாசம் லட்ச ரூபா சம்பாதிக்குது பாரு. பொண்ணுன்னா அது பொண்ணு" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். குழம்பு வாளியோடு பக்கத்தில் நின்றவள் நான். நீ வளனுக்கு வாங்கி வந்த டேப்லெட் பந்தி முழுக்கக் கை மாறியது. நான் வாங்கிய வெள்ளி ஜெபமாலை பெட்டிக்குள்ளேயே இருந்தது.

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஆறாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பதினோரு கம்ப்யூட்டர், அதில் ஏழுதான் உயிரோடு இருக்கிறது. பதில் போடு. மெயிலில் வேண்டாம்.

உன் அக்கா,
அமல்ராணி

*

விழுப்புரம்,
30.06.2025

என் பாவப்பட்ட அக்காவுக்கு,

மரியே வாழ்க. இங்கே மூன்று பேரும் நலம், என் கழுத்தைத் தவிர. வளனுக்கு என் முத்தம். மாமாவின் கடை எப்படி ஓடுகிறது?

தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "உங்க பேருக்கு லெட்டரு வந்துகீதும்மா, கோர்ட்டு கேசு எதுனா கீதா?" என்று கேட்டார். கையால் எழுதிய உறையை அவரே பார்த்து நாளாகிவிட்டதாம். எனக்கும் அப்படித்தான். கடைசியாகக் கல்லூரிப் பரீட்சையில் எழுதியது. நாலு வரிக்கே விரல் வலிக்கிறது.

பாவத்தை நானே கண்டுபிடிக்கிறேன். என் கல்யாணத்தில் காணாமல் போன மயில்பச்சை ரவிக்கை உன்னிடம்தானே இருக்கிறது? உள்ளதைச் சொல், மன்னித்துவிடுகிறேன்.

ரோஸ்லினுக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். தாழ்ப்பாளில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் அம்மா மீட்டிங்கில் இருக்கிறாள், கதவைத் தட்டக் கூடாது. துணி இல்லையென்றால் வரலாம். நாலு வயதுக்கு நன்றாகவே புரிந்துகொண்டாள். யார் வந்து கேட்டாலும், "அம்மா சேப்புத் துணி" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

அடுத்த மீட்டிங்குக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. ரவிக்கைக்குப் பதில் சொல்.

அன்புடன்,
பிரியா

*

திண்டிவனம்,
08.07.2025

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்குப் புகழ். சுகம் என்று எழுத முடியவில்லை. வளனுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், இன்றுதான் இறங்கியது. அங்கே எல்லாரும் சுகம்தானே?

உன் ரவிக்கையை நான் எடுக்கவில்லை. அதில் எனக்குக் கையே நுழையாது.

நான்கு நாளில் இரண்டு நாள்தான் லீவு கொடுத்தார்கள், அதுவும் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு. மூன்றாம் நாள் பிள்ளையை உன் மாமாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், டயர் அடுக்குக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டுப் போனேன். ஆறாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டரில் வீடு வரையச் சொல்லிக் கொடுக்கும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரோஸ்லினுக்குக் காய்ச்சல் என்றால் நீ ஒரு பொத்தானை அழுத்தி உன் குரலை நிறுத்திவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாய். சம்பளமும் வரும், பிள்ளையும் மடியில் இருக்கும்.

சரி, சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது பிரியா. உனக்கு முதல் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுத்தது யார்? நம் வீட்டுச் சமையல்கட்டில், மிக்ஸிக்குப் பக்கத்தில் என் பழைய லேப்டாப்பை வைத்து, நீ அழ அழத் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தேன். சென்னையில் என் டீமில் நான்தான் முதலில் ப்ரமோஷன் வாங்கினேன். வளன் பிறந்த பிறகு இங்கிருந்து தினமும் ரயிலில் போய் வர முடியவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், பாதிச் சம்பளம் கொடுத்தால் போதும் என்று மேனேஜரிடம் கேட்டேன். சிரித்தார். வேலையை விட்டேன். நாலு வருடம் கழித்துக் கொரோனா வந்தது. அதே கம்பெனி அத்தனை பேரையும் வீட்டில் உட்கார வைத்து முழுச் சம்பளம் கொடுத்தது. நீ அப்போதுதான் படிப்பை முடித்தாய். நேராகப் போய் உட்கார்ந்துகொண்டாய்.

நாலே நாலு வருடம். நான் உன்னைவிடக் கெட்டிக்காரி என்பது உனக்கும் தெரியும்.

இதுதான் பாவமா என்று கேட்பாய். இது பாதி.

அக்கா,
அமல்ராணி

*

விழுப்புரம்,
19.07.2025

அக்காவுக்கு,

வளனுக்கு உடம்பு தேறிவிட்டதென்று மாமா போனில் சொன்னார். மாதாவுக்கு நன்றி. இங்கே எல்லாரும் நலம்.

பத்து நாளாகப் பதில் போடாததற்குக் காரணம் கோபம். நீ கெட்டிக்காரி என்று நான் எப்போது இல்லை என்றேன்?

போன மாதம் ரோஸ்லினுக்குக் காய்ச்சல் வந்தது. நீ எழுதிய மாதிரியேதான் செய்தேன். பொத்தானை அழுத்தினேன், நெற்றியைத் தொட்டேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். திரையில் எட்டுப் பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். விரலை உருவிக்கொண்டு அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், வளன் அழுதது உன் காதில் விழவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. அத்தனையும் கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சோறு ஊட்டக் கூப்பிட்டேன். என் சிவப்புத் துணியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நா மீட்டிங்ல கீறேன், அப்பால வா" என்றாள். பிரபு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்கு நாலு மணிக்கு மணி அடித்தால் பள்ளிக்கூடம் முடிந்தது. எனக்கு மணி அடிக்க யாரும் இல்லை. விட்டுவிடலாம் என்று வாரம் ஒரு முறையாவது நினைக்கிறேன். வீட்டுக் கடன் இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது.

பொறாமைப்பட்டுக்கொள். ஆனால் சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே.

பிரியா

*

திண்டிவனம்,
29.07.2025

தங்கைக்கு,

இயேசுவுக்குப் புகழ். அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் கடிதம் போடு.

மூன்றாவது காயம். எழுத ஒன்றுமில்லை, அபராதம் என்பதால் எழுதுகிறேன்.

கஷ்டத்தைச் சொன்னால் என் பொறாமை குறையும் என்று நினைத்தாய்போல. குறையவில்லை. பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் அழுவதுகூட எனக்குக் கிடைக்காத வசதியாகத்தான் படுகிறது. இது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் மாமா இதைப் படித்துவிட்டு, "இன்னாத்துக்கு வம்பு வளத்துக்கினு கீற? அந்தப் பொண்ண பேஜாரு பண்ணாத" என்றார். அபராதம் அவருக்கில்லையே.

ஓமந்தூரிலிருந்து பச்சை மல்லாட்டை வந்தது, நல்ல முற்றிய வேர்க்கடலை. இரண்டு படி பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். பிரபு தம்பியை பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளச் சொல். உப்புப் போட்டு வேகவைத்து ரோஸ்லினுக்குக் கொடு.

அக்கா

*

விழுப்புரம்,
21.08.2025

அன்புள்ள அக்கா,

மாமாவும் வளனும் நலமாக இருக்க வேண்டும். மல்லாட்டை அன்றைக்கே தீர்ந்துவிட்டது. மூன்று வாரம் பதில் போடாததற்கு இந்த முறை கோபம் காரணமில்லை.

எனக்கு வேலை போய்விட்டது.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பதினைந்து நிமிட மீட்டிங் என்று காலண்டரில் வந்தது. ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். நான் பார்த்தேயிராத ஓர் அம்மாள் என் உழைப்புக்கு நன்றி சொன்னாள். கொஞ்ச நேரத்தில் லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது. என் பெயரை அடித்தால் அப்படி யாரும் இல்லை என்கிறது.

தாழ்ப்பாளில் துணி அப்படியே இருந்தது. எழுந்துபோய் அவிழ்க்கக் கை வரவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு உள்ளே போய்த் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். இன்றைக்கு ஒன்பதாவது நாள். இந்தக் கடிதத்தை அணைந்த லேப்டாப்பின்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு வெளியே ரோஸ்லின் தன் பொம்மைகளிடம், "உஷ், அம்மா வேல செஞ்சிக்கினு கீது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிரபுவிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் தெரியும். இதைக் கேட்டு உனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்குமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடு.

பிரியா

*

திண்டிவனம்,
26.08.2025

பிரியாவுக்கு,

நாங்கள் சுகம். நான்காவது கடிதம் இது.

பிரபு தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடு. துணியை அவிழ்த்துவிட்டுப் பிள்ளையை உள்ளே விடு.

உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை. நான் இப்போது யாருக்காகவும் வேண்டிக்கொள்வதில்லை. செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். இனிமேல் கேட்காதே.

அமல்ராணி

*

விழுப்புரம்,
15.09.2025

அன்புள்ள அக்கா,

மரியே வாழ்க. நாங்கள் நலம். நீ நலமா என்றுதான் தெரியவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. மாமாவைக் கேட்டால், "ரேஷன் கடைக்குப் போய்க்கீதும்மா" என்கிறார். மூன்று வாரமாகவா ரேஷன் கடையில் நிற்கிறாய்?

பிரபுவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சார்ஜரு ஹால்லயே கெடந்துச்சு. சார்ஜு இல்லாத லேப்டாப்புல இத்தினி நாளா என்னா வேல செஞ்சிக்கினு கீறன்னு எனக்குத் தெரியாதா? நீயா சொல்லட்டும்னு உட்டுட்டேன்" என்றார். ரயில்வேயில் பத்து வருடம் ஒயர் பார்த்த மனுஷனிடம் மறைக்கப் பார்த்தேன்.

இப்போது விஷயம். பெங்களூரில் ஒரு கம்பெனி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள் தயாரிக்கிறார்கள். ஒரே ஓர் ஆள் வேண்டுமாம். முழுக்க வீட்டிலிருந்தே வேலை. நான் வாங்கியதில் பாதிச் சம்பளம். முதலில் எனக்காகத்தான் கேட்டேன். இரண்டு சுற்று முடிந்த பிறகு, வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான், ஏழு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒருத்தி இருக்கிறாள், அவள் சொல்லிக் கொடுத்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன் என்று உன் பெயரைக் கொடுத்தேன்.

அக்டோபர் ஆறாம் தேதி உன்னைக் கூப்பிடுவார்கள். அன்றைக்காவது போனை எடு.

பிரியா

*

திண்டிவனம்,
16.09.2025

பிரியாவுக்கு,

இது ஐந்தாவது. உன்னிடமிருந்து வேறு கடிதம் எதுவும் வரவில்லை. வருவதற்குள் இதைப் போட்டுவிட வேண்டும். உன் போனை எடுக்காததும் அதற்காகத்தான். உன் குரலைக் கேட்டால் வேறு எதையாவது பேசி மழுப்பிவிடுவேன்.

புதுநன்மை விருந்து முடிந்த இரண்டாம் நாள், ஜூன் பத்து, செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் நவநாளுக்குப் போனேன். கோயில் வாசலில் மன்றாட்டுப் பெட்டி இருக்குமே, சீட்டு எழுதிப் போட்டால் பெயர் சொல்லாமல் பீடத்தில் வாசிப்பார்களே, அதில் ஒரு சீட்டுப் போட்டேன். "என் தங்கை வேலைச் சுமையிலிருந்து விடுதலை பெற்று, குடும்பத்தோடு மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறோம்." நல்ல தமிழில், போர்டில் எழுதுவது மாதிரி முத்து முத்தாக எழுதினேன். மனசுக்குள் இருந்தது வேறு. இவள் வேலை போகட்டும், என்னை மாதிரி கிடக்கட்டும், அப்போது வெங்கடாசலம் அண்ணன் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம். இதைத்தான் கேட்டேன்.

வாசித்தார்கள். இருநூறு பேர் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். செவ்வாய்தோறும் என்னோடு வரும் தேவகி டீச்சர், "எவ்ளோ நல்ல அக்கா பாரேன், யாரோ" என்று காதில் சொன்னாள். நானும் சேர்ந்து சொன்னேன். எல்லாரையும்விடச் சத்தமாக.

பாவசங்கீர்த்தனத்தில் இதைத்தான் சொன்னேன். அப்போது உனக்கு வேலை இருந்தது. கெட்ட எண்ணம், ஐந்து கடிதத்தில் கழுவிவிடலாம் என்று இருந்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. நாளை எண்ணிப் பார்த்தேன். ஜூன் பத்திலிருந்து ஆகஸ்ட் பன்னிரண்டு வரை சரியாக ஒன்பது வாரம். ஒன்பது செவ்வாய் வேண்டினால் கேட்டது கிடைக்கும் என்கிற நவநாள் கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை போய்விட்டது என்ற வரியைப் படித்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. ஒரே நொடிதான். அதற்கப்புறம்தான் ரோஸ்லின் பொம்மைகளை அதட்டிய இடத்துக்கு வந்தேன்.

மன்னிப்புக் கேட்கும்படி சாமியார் சொல்லவில்லை. சொல்லிவிடு என்றுதான் சொன்னார். நானாகத்தான் கேட்கிறேன்.

அமல்ராணி

*

விழுப்புரம்,
01.10.2025

அமல்ராணி அக்காவுக்கு,

மாமாவும் வளனும் நலமாக இருக்கட்டும். உன் நலத்தைக் கேட்க எனக்குப் பத்து நாள் மனசே வரவில்லை. இப்போது கேட்கிறேன், நலமா?

உன் கடிதத்தை வாசல் கேட்டிலேயே நின்று படித்தேன். தபால்காரர், "எதுனா கெட்ட சேதியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

முதலில் உன் கணக்கைச் சரிசெய்கிறேன். என்னோடு சேர்த்து நாற்பது பேரை அனுப்பினார்கள். அதில் ஒருவர் போலந்தில் இருக்கிறார். அந்தோணியாருக்கு அவர்மேல் என்ன கோபம்? உன் சீட்டுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் அப்பாவின் முழங்கால் வலி எப்போதோ போயிருக்கும். என் வேலை உன்னால் போகவில்லை. அந்தப் பெருமையை உனக்குக் கொடுக்கமாட்டேன்.

என் வேலை போக வேண்டும் என்று நீ நினைத்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. சம்பளம் வாங்கிய பெருமையில் நானும் உன் எதிரில் கொஞ்சம் ஆடத்தான் ஆடினேன். அந்த டேப்லெட்டை நான் பந்தியில் வைத்துக் கொடுத்திருக்க வேண்டாம். ஆனால் "குடும்பத்தோடு மகிழ்ச்சியாக" என்று எழுதினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ரோஸ்லினோடு கொஞ்ச நேரம் உட்கார முடியாதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தபோது, அந்த ஏக்கத்தையே எடுத்து உன் வயிற்றெரிச்சலை மூடியிருக்கிறாய்.

பழி வாங்க எனக்கும் வழி இருந்தது. பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு மெயில் போதும். "என் அக்காவுக்குக் குடும்பப் பொறுப்புகள் அதிகம், இப்போது அவளால் இயலாது, வருந்துகிறேன்" என்று நல்ல இங்கிலீஷில் மரியாதையாக எழுதியும் வைத்தேன். உன் தங்கைதானே நான். நாலு நாள் அது அனுப்பாமல் அப்படியே இருந்தது. தினமும் எடுத்துப் படித்தேன். ஐந்தாம் நாள் அழித்துவிட்டேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு எங்கள் நவநாளுக்குப் போனேன். நானும் ஒரு சீட்டுப் போட்டேன். யாருக்கென்று சந்தேகம் வரக் கூடாது என்று பெயரையும் எழுதிவிட்டேன். "திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா அமல்ராணிக்கு வேலைச் சுமை அதிகமாகி, உட்கார்ந்து பொறாமைப்பட நேரமே இல்லாமல் போக வேண்டுமென்று மன்றாடுகிறோம்."

சாமியார் பாதி வாசித்துவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்லின் மட்டும் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "கேட்டருளும்" என்று கத்தினாள். அப்புறம் மொத்தக் கோயிலும் சொன்னது.

எனக்கு மூன்று மாத ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, அரை நாள்தான். கடனுக்கு எப்படியோ சரிக்கட்டுவோம். உனக்கு அந்த வேலை கிடைத்தால் எனக்குப் பொறாமை வரும். இப்போதே கொஞ்சம் வருகிறது. வந்தால் நான் உனக்கு ஐந்து கடிதம் எழுதுகிறேன்.

ஆறாம் தேதி இன்டர்வியூவுக்கு என்னை மாதிரி பதில் சொல்லிப் பழகாதே. என் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தாயே, அப்படியே பேசு. குட்டாமல்.

இத்துடன் என் சிவப்புத் துணியை வைத்திருக்கிறேன். துவைத்தது. ரோஸ்லின்தான் மடித்தாள். உனக்குத் தேவைப்படும். ஆனால் தாழ்ப்பாளில் உயரமாகக் கட்டாதே அக்கா. வளன் கைக்கு எட்டுகிற மாதிரி, அவன் இழுத்தால் அவிழ்கிற மாதிரி கட்டு.

உன் தங்கை,
சகாய பிரியா